சலவைக் குறி: பழந்துணியின் சரித்திரம் குறித்துச் சில எண்ணங்கள்

1

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்பவர்களுக்குச் சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலை தெரிந்திருக்கும். வாலாஜாபாத் சாலை வந்து சேருமிடம். என் பள்ளி நாட்களில் அங்கே சில தேநீர்க் கடைகளும் பேருந்துக்குக் காத்திருப்போரும்தான் இருந்ததாக நினைவு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2007இல் சாம்சங் சுங்குவார்சத்திரத்துக்கே வந்தது, பின்னர் ஃபாக்ஸ்கான். 2024 ஆகஸ்டில், அருகிலுள்ள வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறுநகரத்தின் மக்கள் தொகையை ஒரே வளாகத்துக்குள் வைத்ததற்கு ஒப்பானது இது.

வாரத்தின் ஆறு நாட்களும் இந்தச் சாலையில் நிறுவனப் பேருந்துகளே மிகுதி. உள்ளே ஒரே நிறச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையுடன், பாதித் தூக்கத்தில் சன்னலில் சாய்ந்திருக்கும் முகங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் காட்சி மாறிவிடும். சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்துத் துணிகளைக் குவியலாகக் கொட்டியிருப்பார்கள். 'எதை எடுத்தாலும் நூறு' என்ற குரல் லாரிகளின் இரைச்சலையும் மீறிக் கேட்கும். அக்குவியலில் மூன்று வகை உண்டு. திருப்பூரில் ஏற்றுமதிக்கெனத் தைக்கப்பட்டு, தையலிலோ நிறத்திலோ பிசகு நேர்ந்ததால் கழிக்கப்பட்டவை. கடைகளில் விற்காமல் தேங்கியவை. இன்னொருவர் உடுத்துக் களைந்து, பிறகு துவைத்துத் தேய்த்து மடிக்கப்பட்டவை. மூன்றும் கலந்தே கிடக்கும். எது எந்த வகை என்பதைப் பிரித்தறிய, கழுத்துப்பட்டியின் உட்புறத்தையும் அக்குளையும் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் அங்கே என் முன்னாள் மாணவி ஒருத்தியைக் கண்டேன். பட்டப்படிப்பு முடித்துவிட்டு இப்பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். முழங்காலிட்டு அமர்ந்து, ஒரு ஜீன்ஸ் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்துப் போன நீலம். முழங்கைப் பக்கம் யாருடைய கையோ மடங்கி மடங்கி விழுந்த மடிப்பின் தடம். வாங்கினாள். வாங்கிய பிறகுதான் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு திகைப்பு. நான் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "வீட்ல புதுசுன்னுதான் சார் சொல்வேன். பழசுன்னு தெரிஞ்சா எங்கம்மா அழுவாங்க."

கோபப்படுவார்கள் என்று அவள் சொல்லவில்லை, அழுவார்கள் என்றாள். சொந்தச் சம்பளத்தில், தானே தேடி, தனக்குப் பிடித்து வாங்கிய ஒரு துணியை எண்ணித் தாய் ஏன் அழ வேண்டும்? இக்கட்டுரை அந்த ஒரு சொல்லில் இருந்து தொடங்கியது.

2

பழந்துணியைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கந்தை, கந்தல், சிதார் எனப் பல. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநனின் உடையை நினைவுகூரலாம். ஈரும் பேனும் குடியேறிய, வியர்வையில் நனைந்த, வேறு நூலால் ஆங்காங்கே தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட கந்தல் அது. வறுமையை இத்தனை கிட்டத்தில் சென்று பார்த்த இடங்கள் நம் பழைய இலக்கியத்தில் குறைவு. கரிகாலன் அந்தக் கந்தலை முற்றாக நீக்கிவிட்டு, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பின் சட்டை போன்ற மெல்லிய பூவேலைத் துணியைத் தருகிறான். இங்கே வள்ளல் கொடுப்பது புதுத்துணி. பழையது பின்னால் கழன்று விழுந்துவிடுகிறது. அதை யாரும் பெற்றுக்கொள்வதில்லை.

பக்தி இயக்கக் காலத்தில் வேறொரு குரல் கேட்கிறது. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில், இறைவன் உடுத்துக் களைந்த ஆடையை உடுப்பதையும், அவன் சூடிக் களைந்த துழாயைச் சூடுவதையும் தொண்டர்கள் தங்கள் பெருமையாகவே அறிவித்துக்கொள்கிறார்கள். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இச்சத்திரத்துக்குச் சில கல் தொலைவுதான். வைணவக் கோயில்களெங்கும் ஓதப்படுவதுபோல் அங்கும் ஒலிக்கும் பாசுரம் அது. கோயில் மரியாதையில் தலையில் கட்டப்படும் பரிவட்டமும் இவ்வழிப்பட்டதே. இறைவனுக்குச் சாத்திய துணி என்பதே அதன் மதிப்பு, புதிது என்பதல்ல.

மொகலாய அரசவையிலும் இம்மரபு உண்டு. பாதுஷா வழங்கும் 'கிலத்' என்னும் அங்கிகளில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது, பொன்னிழை மிகுந்தது அன்று. அவரே உடுத்தியது, அல்லது அவர் மேனியைத் தொட்டது. உடுத்தியவனின் ஒரு துளி அத்துணியில் தங்கியிருக்கிறது என்பது நம்பிக்கை. பெற்றுக்கொள்பவன் அவனுடைய நிழலுக்குள் வந்துவிடுகிறான்.

வீட்டுக்குள்ளும் பழந்துணிக்கு ஒரு வாழ்வு இருந்தது. பிறந்த குழந்தையின் மேல் முதலில் படுவது புதுத்துணி அல்ல. துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன தாத்தாவின் வேட்டி. தூளி கட்டுவது அம்மாவின் பழம்புடவையில். அக்காவின் பாவாடை, கரையைப் பிரித்து இறக்கித் தங்கைக்கு. வேட்டியும் புடவையும் வெட்டித் தைக்கப்படாத ஆடைகள் ஆதலால், ஒரு உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போவதில் அளவுச் சிக்கலும் கிடையாது. இங்கெல்லாம் பழந்துணி வெட்கத்துக்குரியதாக இல்லை. வந்த கை நமக்கு அன்பான கை.

ஆகவே, பழந்துணியின் மதிப்பை நிர்ணயிப்பது அதன் பழமை அன்று. அது எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதே. இந்த விதியைப் புரிந்துகொண்டால் அதன் மறுபக்கமும் புரிந்துவிடும்.

3

அதே விதி கீழ்நோக்கி இறங்கும்போது கொடியதாகிறது. மனுதருமத்தின் பத்தாம் அத்தியாயம், சூத்திரனுக்கு உண்டு மிஞ்சிய உணவையும் களைந்த துணியையும் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளருக்கு அது விதிப்பதோ பிணத்தின் மேலிருந்த துணி. இறைவன் களைந்ததை உடுப்பவன் தொண்டன்; எசமானன் களைந்ததை உடுப்பவன் அடிமை. துணி ஒன்றுதான். தொண்டன் தானே விரும்பிக் கேட்டான். அடிமைக்கு வேறெதையும் உடுக்கும் உரிமை இல்லை.

அந்த உரிமையின்மை வெறும் ஏட்டில் மட்டும் இருந்ததன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் தமது சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி அணியக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடலை மறைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. எட்டில் பெரும்பாலானவை உடலின் தோற்றம் குறித்தவை. ஒருவன் எப்படித் தென்படுகிறான் என்பது எத்தனை பெரிய அரசியல் என்பதைத் தடை விதித்தவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தார்கள்.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1927 டிசம்பரில், மகாத் மாநாட்டில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் உடையைப் பற்றிப் பேசினார். புடவை கட்டும் முறையே தீண்டாமையின் அடையாளமாக இருப்பதை மாற்றச் சொன்னார். ஒட்டுப்போட்ட துணியாக இருந்தாலும் குற்றமில்லை, தூய்மையாக இருக்கட்டும் என்றார். எதை உடுப்பது என்னும் தேர்வில் தலையிட எவருக்கும் உரிமை இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற நம் பழமொழி தூய்மையோடு நின்றுவிடுகிறது; அம்பேத்கர் அதற்கு அடுத்த படிக்குச் சென்று, தேர்வு என்ற சொல்லைச் சேர்க்கிறார். அப்பெண்கள் உடனடியாகவே புடவைக் கட்டை மாற்றிக்கொண்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1992இல் நான் எட்டாம் வகுப்பு. காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர். அம்மா ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பையனுக்குச் சிறிதாகிவிட்ட வெள்ளைச் சட்டை ஒன்று எனக்கு வந்தது. கழுத்துப்பட்டி தேயாத, நல்ல சட்டை. பள்ளியில் பேச்சுப் போட்டி. வழக்கமாக அம்மாவே துவைப்பாள். அன்று பெருமைக்காகச் சலவைக்குப் போட்டாள், இஸ்திரியோடு. மறுநாள் காலை சட்டை வரவில்லை. சலவைக்காரப் பெரியவரிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அது அவங்க வீட்டுக் குறி தம்பி. அவங்க மூட்டையிலதான் வெச்சுக் குடுத்தேன்."

சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் துணியில் இடும் குறியைப் பற்றி இன்றைய தலைமுறைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டுக்கு ஒரு குறி. இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு. எத்தனை முறை வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. எந்தப் பிணத்தின் அடையாளத்தையும் சலவைக் குறி காட்டிக்கொடுத்துவிடும் என்று துப்பறியும் கதைகளில் படித்திருக்கிறோம். என் சட்டையின் கழுத்துப்பட்டிக்கு அடியிலும் ஒரு குறி இருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் அலமாரியிலிருந்து, தங்கள் துணிகளோடு அடுக்கியிருந்த சட்டையை எடுத்துத் தந்தார். சிரித்துக்கொண்டேதான் தந்தார், துளியும் கெட்ட எண்ணம் கிடையாது. "மறுபடியும் மாறிடப் போவுது. வேற குறி போடச் சொல்லு" என்றார். நான் அந்தச் சட்டையை அணிந்துகொண்டு போய்ப் பேசினேன். பரிசும் கிடைத்தது. பேசியது எதுவும் இன்று நினைவில் இல்லை. கழுத்துக்குப் பின்னால் அந்தக் குறி உறுத்திக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பெரியவர் தவறு செய்யவில்லை. துணியில் எழுதியிருந்ததை அவர் சரியாகவே படித்தார்.

4

கொடுக்கப்படும் பழந்துணி பற்றிய விவாதம் ஒன்று நம் தேசிய இயக்கத்தின் நடுவிலேயே நிகழ்ந்திருக்கிறது. 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணிகள் மலைபோல் குவிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன. தாகூர் இதை ஏற்கவில்லை. உடுக்கத் துணியின்றி இருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்க, எரிப்பதற்கு அத்துணிகள் நம்முடையவையா என்பது அவருடைய கேள்வி. மனிதநேயம் உள்ள எவருக்கும் எழக்கூடிய கேள்விதான்.

இடையில், செப்டம்பர் 22 அன்று, மதுரையில் காந்தி முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அக்டோபரில் தாகூருக்கு அவர் எழுதிய மறுமொழி முக்கியமானது. ஆடையற்றவனுக்கு வேலை தேவைப்படும்போது, அவன் கேட்காத துணியைக் கொடுப்பது அவனை அவமதிப்பதாகும் என்கிறார். அவனுடைய வறுமைக்குத் தானும் காரணம் என்பதை அறிந்த ஒருவன், எச்சிற் பருக்கைகளையும் கழித்த துணிகளையும் தரக் கூடாது. தன்னிடமுள்ளவற்றில் சிறந்ததைத் தந்து, அவனோடு உழைப்பில் சேர வேண்டும் என்பது அவர் வாதம். காந்தியின் பொருளியலோடு மாறுபடுபவர்கள் பலர். நானும் பல இடங்களில் மாறுபடுகிறேன். ஆனால் களைந்த துணி ஏழைக்கு வலிக்கும் என்பதை அந்தத் தலைமுறைத் தலைவர்களில் இவ்வளவு கூர்மையாக உணர்ந்து எழுதியவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நாகப்பட்டினத்துக் கடற்கரை இந்த விவாதத்துக்குத் தன் பதிலைத் தந்தது. நாடெங்கிலும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. சாலையோரங்களில் கொட்டப்பட்டன. மீனவர்கள் அவற்றை எடுக்கவில்லை. வீடும் படகும் வலையும் பெற்ற பிள்ளைகளும் போய், கட்டியிருந்த துணியோடு நின்றவர்கள், யாரோ கழித்த துணியைத் தொட மறுத்தார்கள். சேற்றில் புரண்டு கிடந்த அந்தக் குவியல்களின் படங்களை நாளிதழ்களில் பார்த்தது நினைவிருக்கும். நன்றி கெட்டவர்கள் என்றுகூடச் சிலர் பேசினார்கள். கொடுப்பவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு இருந்தது. பெறுபவனுக்கு இது வேண்டுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கடலில் உழைத்து, வேண்டியதைத் தானே வாங்கி உடுத்திய சமூகம் அது. இரவல் குறி தாங்கிய சட்டையை அது ஏற்காததில் வியப்பில்லை.

அப்படி ஒதுக்கப்பட்ட துணிகளை அள்ளிச் சென்று தரம் பிரித்து வேறு பயனுக்குக் கொண்டுவந்தவர்களில் கூஞ்ச் அமைப்பு குறிப்பிடத்தக்கது. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய அமைப்பு இது. 2015இல் அவர் மக்சேசே விருது பெற்றார். ஊர்மக்கள் கிணறு தூர்வாருதல், பாதை அமைத்தல் போன்ற பணிகளைச் செய்ய, அவ்வுழைப்புக்கு ஈடாகத் துணியைத் தருவது அவர்கள் வகுத்த முறை. தானம் என்ற சொல்லை விலக்கிவிட்டு ஈடு என்ற சொல்லை அங்கே வைத்தார்கள். இந்த மாற்றம் சிறிதாகத் தெரியலாம்; என் கணக்கில் மிகப் பெரிது.

5

ஈடு என்றதும் நம் தெருக்களில் கேட்ட பழைய குரல் நினைவுக்கு வருகிறது: பழைய துணிக்குப் பாத்திரம். கூடையில் எவர்சில்வர் பாத்திரங்கள், பின்னாளில் பிளாஸ்டிக் குடங்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி திண்ணையில் அமர்ந்து, நம் வீட்டுத் துணிகளைச் சூரிய ஒளியில் பிடித்துப் பார்த்து விலை சொல்வாள். ஒரு தூக்குவாளிக்கு மூன்று பேண்ட் போதாது என்பாள். சரிகைப் புடவை கிடைத்தால் அவள் கண்ணில் ஒரு மினுக்கு. சரிகையை எரித்தால் வெள்ளி மிஞ்சும். மற்றவற்றில் நல்லவை துவைத்துத் தேய்க்கப்பட்டு வாரச் சந்தைகளுக்குப் போகும். பருத்தியில் கிழிந்தவை 'வேஸ்ட்' துணியாகிப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும்.

இந்த வணிகத்தின் சிறப்பு என்னவென்றால், அது கொடுத்தவரின் பெயரை அழித்துவிடுகிறது. அவளுடைய மூட்டைக்குள் போனபின் எது எந்த வீட்டுத் துணி என்று யாருக்கும் தெரியாது. சென்னையில் 1900இல் திறக்கப்பட்டு, 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட்டும் இவ்வேலையைத்தான் செய்தது. புத்தகம், கிராமபோன் தட்டு, கண்ணாடிச் சாமான், துணிமணி என எல்லாப் பழம்பொருளும் அங்கே வந்து தம் பூர்வீகத்தைத் தொலைத்தன. பேரம் பேசி வாங்கியவன் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உலக அளவில் இந்த வணிகம் மிகப் பெரியது. 1813இல் இங்கிலாந்தின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தல்களைச் சிதைத்து மீண்டும் நூலாக்கும் முறையைக் கண்டார். அத்தொழில் இன்று அரியானாவின் பானிபட்டில் பெரிதாக நடக்கிறது. மேலைநாடுகள் கழித்த துணி அங்கே போர்வையாகிறது. உள்நாட்டு நெசவையும் தையல் தொழிலையும் காப்பதற்காக, அணியத்தக்க பழைய ஆடைகளின் இறக்குமதியை இந்தியா கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அணிய முடியாதபடி வெட்டப்பட்ட கந்தலாக வர வேண்டும் என்பது விதி. குஜராத்தின் காண்ட்லா ஏற்றுமதி மண்டலத்தில் முழு ஆடைகள் தரம் பிரிக்கப்பட்டுப் பெரும்பகுதி ஆப்பிரிக்காவுக்கு மறுபடியும் கப்பலேறுகின்றன.

ஆப்பிரிக்க மொழிகள் இத்துணிகளுக்கு வைத்த பெயர்கள் சிந்திக்கத்தக்கவை. கானாவில் 'ஒப்ரொனி வாவு' என்பார்கள். செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று பொருள். உயிரோடிருக்கும் ஒருவன் இவ்வளவு நல்ல துணியைக் கழிப்பான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை போலும். சாம்பியாவிலோ 'சலவுலா' என்கிறார்கள். பெம்பா மொழியில் அதற்குக் குவியலைக் கிளறித் தேர்ந்தெடுத்தல் என்று பொருள். கேரன் ஹான்சன் என்னும் மானிடவியலாளர் இச்சொல்லையே தலைப்பாக வைத்து 2000இல் ஒரு நூல் எழுதினார். மூட்டையைப் பிரித்துக் கிளறி, தையற்காரரிடம் கொடுத்துத் திருத்தி, தங்களுக்கேயான தோற்றத்தை உருவாக்கிக்கொள்ளும் சாம்பிய மக்களை அவர் அதில் விவரிக்கிறார். முதற்பெயரில் துணி, செத்தவனுக்குச் சொந்தம். இரண்டாம் பெயரில், தேடுகிற கைக்குச் சொந்தம். பழந்துணியின் முழுச் சரித்திரத்தையும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் வைத்துவிடலாம்.

6

சுங்குவார் என்ற பெயர் சென்னையிலும் உண்டு. சிந்தாதிரிப்பேட்டையில் சுங்குவார் அக்ரகாரம் தெரு இருக்கிறது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கும்பினியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமச் செட்டியின் தோட்டத்தில்தான் நெசவாளர்களுக்காக அப்பேட்டை எழுந்தது. சென்னையைச் சுற்றிய தறிகளில் நெய்த கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி, மதராஸ் என்ற பெயரோடு மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் அத்துணியை வாங்கி அப்படியே உடுத்தவில்லை. ஊசியாலும் சவரத் தகட்டாலும் குறிப்பிட்ட இழைகளை மட்டும் தேர்ந்து அறுத்து, உருவியெடுத்து, கட்டங்களுக்குள் புதிய உருவங்களைத் தோற்றுவித்தார்கள். வெட்டிய துணி என்ற பொருளில் 'பெலெடெ பிடெ' என்று அதற்குப் பெயர். நெய்தது நம்மவர், துணியை அவர்களுடையதாக்கியது, அவர்கள் உருவிய இழை.

தனக்கென ஒரு பாணி என்று இன்று பேசுகிறோமே, அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாணி என்பது விலையன்று. பிறர் செய்ததன் மீது ஒருவர் தம் விருப்பத்தால் செய்யும் சிறு திருத்தம். பிறர் தந்த துணியில் அத்திருத்தத்துக்கு இடமில்லை. கொடுத்தவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சட்டையின் குறியை மாற்றச் சொல்லும் உரிமைகூட அவருக்கே இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியதில் அந்தக் கண் இல்லை.

ஆனால் இதை எளிதாகக் கொண்டாடிவிடவும் கூடாது. பெருநகரங்களில் வசதியான இளைஞர்கள் இப்போது பழைய ஆடைகளைத் தேடி வாங்குவதை நாகரிகமாகக் கொள்கிறார்கள். நல்லதே, பூமிக்கும் நல்லது. புதுத்துணியில் சலித்தவர்களுக்குப் பழையது சுவை. பழையதை மட்டுமே பெற்று வளர்ந்தவர்களுக்கோ, ஓரத்தில் மஞ்சள் தடவிய தீபாவளிப் புதுத்துணிதான் விடுதலை. என் மாணவியின் தாய் அழுவார் என்றால், அவர் மூடநம்பிக்கையால் அழவில்லை. தன் மகளுக்காவது யார் உடுத்ததோ என்ற துணி வேண்டாம் என்பதற்காகத்தான் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்திருப்பார். என் தலைமுறையில் பலருடைய தாய்மார்கள் இப்படித்தான் உழைத்தார்கள். அந்தக் கண்ணீரைத் தவறென்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

மகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அவள் உடுப்பது நிறுவனம் தந்த சீருடை. புதியதுதான், தூய்மையானதுதான். ஆயினும் அதுவும் ஒருவர் கொடுத்ததே, நெஞ்சுப் பக்கம் ஒரு குறியும் பொறித்தே வருகிறது. ஏழாம் நாள், நெடுஞ்சாலைப் புழுதியில் முழங்காலிட்டு, யாருடையதென்று தெரியாத நூறு ரூபாய்க் கோட்டை அவள் எடுக்கிறாள். அந்த வாரத்தில் அவள் உடலின் மேல் ஏறுவனவற்றில் அவள் கையால் தேர்ந்தது அது ஒன்றுதான்.

பிறகொருநாள் கல்லூரியில் சான்றிதழ் வாங்க அவள் வந்தபோது அந்தக் கோட்டை அணிந்திருந்தாள். பித்தளைப் பொத்தான்களை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று ஒவ்வாத ஐந்து நிறப் பொத்தான்களைத் தைத்திருந்தாள். அம்மா கண்டுபிடித்தார்களா என்று கேட்டேன். "தெரியும்னுதான் நெனக்கிறேன் சார். ஒண்ணும் கேக்கல. பொத்தான் மட்டும் அவங்க டப்பாவுலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க" என்றாள்.

என் அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பாத்திரக்காரப் பெண் எங்கள் தெருவுக்கு எப்போதாவது வருகிறாள். பழம்புடவையைப் போடுவதற்கு முன் அம்மா முந்தானையிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி எடுத்துக்கொள்வாள். வீட்டு லட்சுமி துணியோடு போய்விடக் கூடாது என்பது அவள் சொல்லும் காரணம். சிறுவயதில் சிரித்திருக்கிறேன். இப்போது பார்க்கையில் வேறொன்றும் தெரிகிறது. நூலை உருவியபின் அந்தப் புடவை அவளுடையதன்று. அதைச் சந்தையில் வாங்கப்போகும் பெண்ணுக்குப் பின்னால் இனி யாரும் நிற்க மாட்டார்கள்.